முதல் பாகம் பிடித்ததே, இரண்டாவதைப் போடலாமா?

போன கோடை விடுமுறையில் வீட்டில் இரண்டு பிள்ளைகள். என் மகளுக்கு நாலரை வயது. லீவுக்கு வந்திருந்த அக்கா மகனுக்கு எட்டு. இருவருக்கும் சேர்த்து ஒரு படம் போடவேண்டும். அதில் மிருகங்கள் பேசவேண்டும் என்பது சின்னவளின் ஒரே நிபந்தனை. ‘புஸ் இன் பூட்ஸ்’ முதல் பாகத்தை முன்பே பார்த்து உருண்டு உருண்டு சிரித்தவள் அவள். சரி என்று இரண்டாம் பாகத்தைப் போட்டேன். யோசிக்கவே இல்லை. அதே பூனை, அதே தொப்பி, அதே பூட்ஸ்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஓர் ஓநாய் விசிலடித்தது. சின்னவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். பெரியவனோ, “நிறுத்தாதீங்க சித்தி, இப்பதான் நல்லா இருக்கு” என்கிறான். நிறுத்தினேன். ஆனாலும் அடுத்த நாலைந்து நாள், கீழ்வீட்டுப் பையன் விசிலடித்தபடி மாடிப்படி ஏறினால்கூட இவள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். அக்காவிடம் போனில் சொன்னேன். “பொம்மைப் படம்தானேடி, அதுல என்ன பயம்?” என்றாள். படத்தைப் போடும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்புறம் பிள்ளைகள் தூங்கியபின் நான் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘ஃபைண்டிங் டோரி’ (2016), ‘குங் ஃபூ பாண்டா 2’ (2011), பாதியில் நிறுத்திய ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ (2022), ‘முஃபாசா: தி லயன் கிங்’ (2024). கடைசியது முன்கதைதான். ஆனால் ரஃபிக்கி என்ற குரங்கு, ‘லயன் கிங்’ நாயகன் சிம்பாவின் மகளுக்குச் சொல்லும் கதையாக வருவதால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இந்த நான்கில் நாலரை வயதுக்கு எது, எட்டு வயதுக்கு எது, இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க எது என்பதுதான் கேள்வி.

சான்றிதழைப் பார்த்தால் போதாதா? நானும் அங்கேதான் தொடங்கினேன். அமெரிக்காவில் இந்த நான்குக்கும் ஒரே முத்திரை: பிஜி, அதாவது பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளவேண்டியது. டோரிக்கு ஏன் அந்த முத்திரை, பூனைக்கு ஏன் என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் காரணங்கள் வேறு வேறு. ஆனால் அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டோரியின் முதல் பாகமான, 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ தொடங்கிய கையோடு தாய்மீனையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் ஒரு சீலா மீன் தின்றுவிடும். அதற்குக் கிடைத்தது எல்லா வயதினருக்குமான ஜி. தாயும் தகப்பனும் உயிரோடு திரும்பக் கிடைக்கும் டோரிக்கு பிஜி.

பிரிட்டன்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. அங்கே டோரி யு, பூனை பிஜி. யு என்றால் நான்கு வயதிலிருந்து பார்க்கலாம். பிஜி என்றால் எட்டு வயதை ஒட்டிய பிள்ளையைக் கலங்கடிக்காது. என் வீட்டு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. நம் நாட்டில் 2024-ல் வந்த விதிகள் பழைய யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஏழுக்குக் கீழே படிக்கட்டே கிடையாது. மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே யு-வில் அடக்கம். அந்த இடைவெளியில்தான் ஒரு பிள்ளை ஆறேழு மடங்கு மாறிவிடுகிறது.

எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதே வயதோடு மாறுவது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் இதையே பல வருடம் ஆராய்ந்தவர். 1980-களில் அவரும் அவருடைய குழுவும் எடுத்துக்கொண்டது பச்சை மனிதன் ஹல்க் வரும் தொலைக்காட்சித் தொடரை. ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுபவன். ஆனால் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தியது அவன் உருமாறும் இடம்தான். நல்லவன் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. முகம் கோரமாக இருக்கிறது, அவ்வளவுதான். வயது ஏற ஏற, தோற்றத்தை விட்டுவிட்டு, இது நிஜமாக நடக்குமா, அவனுக்கு என்ன ஆகும் என்ற பக்கம் பயம் நகர்கிறது. பயத்தைத் தணிக்கும் வழியும் அப்படியே. பெரிய பிள்ளையிடம் ‘இது நிஜமில்லை’ என்று விளக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அந்த விளக்கம் ஏறாது. மடி வேண்டும், போர்வை வேண்டும், கையில் ஏதாவது தின்பண்டம் வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஓநாயிடம் திரும்பிப் போனேன்.

அந்தப் பூனைக்கு ஒன்பது உயிர். எட்டு போய்விட்டது. அந்த எட்டுச் சாவையும் படம் வேகவேகமாக, சிரிப்பாகவே காட்டுகிறது. மகளும் சிரித்தாள். ஒன்பதாவது உயிரைத் தேடி வருகிறது அந்த ஓநாய். சிவந்த கண், இரண்டு கையிலும் அரிவாள், நிதானமான ஒரு விசில். பூனையின் நெற்றியில் ஒரு கீறல். அதிலிருந்து ஒரு துளி ரத்தம். அதுவரை யாருக்கும் அஞ்சாத நாயகனுக்கு மயிர் சிலிர்த்து நிற்கிறது. இந்த இடத்தை எடுத்தவர்களின் கைத்திறமைக்கு ஒரு சபாஷ் போடவேண்டும். பிரச்சினையே அந்தத் திறமைதான். நாயகன் பயந்து ஓடினால், அவனை நம்பி உட்கார்ந்திருக்கும் நாலரை வயது எங்கே ஓடும்? என் முதுகுக்குப் பின்னால்தான்.

பெரியவனோடு இன்னொரு நாள் இரவு முழுப் படத்தையும் பார்த்தேன். ஓநாய் தன்னை யார் என்று சொல்லும் இடம் வந்ததும், “எமன்தானே சித்தி? எருமை மட்டும் இல்லை” என்று முடித்துவிட்டான். அவனுக்கு அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, கேட்ட கதை இருக்கிறது. சின்னவளுக்கு இருந்தது கண்ணும் அரிவாளும் விசிலும் மட்டும்.

பிற்பாதியில் பூனைக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் ஒரு காட்சி. கூட வரும் நாய்க்குட்டி ஒரு வார்த்தை பேசாமல் பூனையின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொள்கிறது. மூச்சு மெல்ல மெல்ல அடங்குகிறது. இதற்காகவே எட்டு வயதுக்காரன் இந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பேன். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை அவன். அதே நாய்க்குட்டி, தன்னை ஒரு சாக்ஸில் கல்லோடு கட்டி ஆற்றில் போட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறது. பெரியவன் சிரிக்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தான். வில்லனின் ஆட்கள் வரிசையாகச் சாவது, ‘பீப்’ போட்டு மறைத்த வசவுகள் எல்லாமும் உண்டு. அவை என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. தெருவில் கேட்காததையா கேட்டுவிட்டான்?

முதல் பாகம் இப்படி இல்லையே, ஏன்? இரண்டுக்கும் நடுவில் பதினோரு வருடம். நீமோவுக்கும் டோரிக்கும் பதின்மூன்று. முதலாவதைப் பார்த்த பிள்ளைகள் இரண்டாவது வரும்போது கல்லூரிக்கே போயிருப்பார்கள். எடுப்பவர்கள் அவர்களையும் தியேட்டருக்கு இழுக்க நினைப்பார்கள். இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. நாயகன் யார் என்பதை முதல் பாகம் சொல்லித் தீர்த்துவிடும். இரண்டாவதில் தோண்டுவதற்கு மிச்சம் இருப்பது அவன் எங்கிருந்து வந்தான் என்பதே. தோண்டினால் அகப்படுவது காணாமல்போன அம்மா அப்பா. டோரி, பாண்டா, முஃபாசா மூன்றிலும் நடப்பது அதேதான். 2014-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதிக வசூல் செய்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டால், இவற்றில் முக்கியப் பாத்திரம் சாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்றது அது. அதிலும் அதிகமாகச் சிக்குவது தாய் தகப்பன்தான்.

ஆகவே சண்டை எத்தனை, அடி எத்தனை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பிரிவு எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது, எப்படித் தீர்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

டோரியில் பிரிவுதான் முழுக் கதையும். சற்று முன் நடந்ததையே மறந்துவிடும் நீலக் குட்டிமீன், நீரோட்டத்தில் இழுபட்டு அம்மா அப்பாவைத் தொலைத்துவிடுகிறது. எதிரே வரும் மீன்களிடமெல்லாம் உதவி கேட்கிறது, கேட்டுக்கொண்டே வளர்ந்துவிடுகிறது. கடைசியில் என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோகிறது. படம் தொடங்கியதுமே இது. திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை கை நழுவிய பிள்ளைக்கு இந்த இடம் சுருக்கென்று குத்தும். பின்னால் இருட்டில் ஒரு ராட்சதக் கணவாய் துரத்துகிறது. அது சட்டென்று முடிந்துவிடும். கடினமான இடம் அதுவல்ல. அம்மா அப்பா செத்துப்போய்விட்டார்கள் என்று நம்பி, கூட யாரும் இல்லாமல் கடலில் டோரி மிதக்கிற இடம் இருக்கிறதே, அங்கேதான் எனக்கே தொண்டை அடைத்தது. இசையும் அடங்கிவிடுகிறது, திரை முழுக்கக் கலங்கல் தண்ணீர்.

ஆனால் அதற்குப் பிறகு தரையில் ஒரு கிளிஞ்சல் தெரிகிறது. அப்புறம் ஒரு வரிசை. குட்டி வழிதவறாமல் வீட்டுக்கு வர, சின்ன வயதில் பெற்றோர் கற்றுக்கொடுத்த அடையாளம் அது. இத்தனை வருடமும் மகள் திரும்பிவருவாள் என்று நாலா பக்கமும் கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதை நாலரை வயதுக்கு யாரும் விளக்கவேண்டாம். வரிசை, வரிசையின் முடிவில் அம்மா. முழுக்கக் கண்ணால் புரியும் ஆறுதல்.

மற்றபடி பயமுறுத்தும் முகம் கொண்ட வில்லனே இந்தப் படத்தில் இல்லை. ஏழு கைகளே மிஞ்சிய சிடுமூஞ்சி ஆக்டோபஸ், கண் மங்கலான திமிங்கலச் சுறா என்று ஆளுக்கொரு குறையோடு சுற்றும் கூட்டம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: படம் முடிந்ததும் ‘அந்த நீல மீன் வேணும்’ என்று அடம் ஆரம்பிக்கும். அது பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்படும் கடல்மீன், ஓர் அடி நீளம் வளரக்கூடியது. வீட்டுத் தொட்டியில் அது வேண்டவே வேண்டாம். நாங்கள் ஒரு ரப்பர் மீனோடு சமாளித்தோம்.

பாண்டா 2 வேறு ஜாதி. வில்லன் ஷென் ஒரு வெள்ளை மயில். (“முருகனோட மயில் ஏன் சித்தி இப்படிப் பண்ணுது?” என்று பெரியவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.) கறுப்பு வெள்ளை வீரன் ஒருவனால் உனக்குத் தோல்வி என்று ஒரு கிழட்டு ஆடு குறிசொல்ல, பாண்டாக்களையே கூண்டோடு அழிக்கக் கிளம்புகிறது அந்த மயில். குட்டியாக இருந்த நாயகப் பாண்டா போவை முள்ளங்கிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, துரத்திவரும் ஓநாய்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள் தாய். சொல்லிப்பார்த்தால் நான்கில் மிகக் கொடூரமான கதை இதுதான். ஆனால் பார்க்கும்போது அந்த அளவுக்குக் குலை நடுங்கவில்லை. காரணம் இயக்குநர் ஜெனிஃபர் யூ நெல்சன் அதைக் காட்டியிருக்கும் விதம். தொடக்கத்தில் வரும் முன்கதை நம் ஊர்த் தோல்பாவைக் கூத்துபோல நிழலுருவங்களாக ஓடுகிறது. பழைய நினைவுகள் கையால் தீட்டிய சித்திரங்களாக வருகின்றன. எது இப்போது நடப்பது, எது அப்போது நடந்தது என்று எட்டு வயதுக்காரனுக்குக் கண்ணே பிரித்துக் காட்டிவிடுகிறது. கொடுமை ஓர் அடி தள்ளி நிற்கிறது.

சிக்கல் இன்னொரு இடத்தில். வளர்த்த அப்பாவான நூடுல்ஸ் கடை வாத்து, தன் மகனிடம் உண்மையைச் சொல்லும் காட்சி. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கடைசியில் பாண்டா ஓடிவந்து, நான் உங்கள் மகன்தான் என்று வாத்தைக் கட்டிக்கொள்ளும்போது சண்டைக்காட்சி எல்லாம் மறந்துபோய்விட்டது எனக்கு. தத்தெடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் படத்தைப் பெற்றோர் முதலில் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. எப்போது, எப்படிப் பேசுவது என்பது அவர்கள் முடிவு. ஒரு படம் முந்திக்கொள்ளக் கூடாது. மற்ற வீட்டில் ஏழு, எட்டு வயதுக்குத் தாராளமாகப் போடலாம். நாலரைக்கு வேண்டாம். கதை முன்னும் பின்னும் தாவுவது அவளுக்குப் பிடிபடாது, பீரங்கி வெடிப்பது மட்டும் நன்றாகப் பிடிபடும்.

முஃபாசாவைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பெற்றோரைப் பிரியும் சிங்கக்குட்டி, அதைக் கொல்லத் துரத்தும் வெள்ளைச் சிங்கங்கள், கடைசியில் கூட வளர்ந்தவனே செய்யும் துரோகம். சித்திரச் சிங்கமாக இருந்தால் புருவம் தூக்கும், கண் பெரிதாகும், ‘இவன் நல்லவன்’ என்று முகமே சொல்லிவிடும். இது நிஜச் சிங்கம்போலக் கணினியில் செய்தது. நல்ல சிங்கத்துக்கும் கெட்ட சிங்கத்துக்கும் முகத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. கடிக்கப் பாயும்போது இரண்டும் கடிக்கத்தான் பாய்கின்றன. பெரியவனுக்குப் பிடித்தது. சின்னவளுக்கு இது பூனையைவிட மோசமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் மற்ற மூன்றையும் ஆங்கிலத்தில் பார்த்த எனக்கு, முஃபாசாவைத் தமிழில் பார்த்தபோது ஒன்று உறைத்தது. தியேட்டரிலேயே தமிழில் வந்த படம் அது. அர்ஜுன் தாஸ் முஃபாசாவுக்கும், நாசர் வெள்ளைச் சிங்கத்துக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குட்டி இன்னொரு குட்டியைத் தேற்றும் வசனம் தமிழில் காதில் விழுந்தபோதுதான், பூனைப் படத்தில் என் மகளுக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. பயத்துக்கு மொழி தேவையில்லை. இருட்டு, விசில், பல், சடாரென்று ஒரு சத்தம், எல்லாம் நேரே உள்ளே போய்விடும். ஆறுதல் பெரும்பாலும் வசனத்தில்தான் வருகிறது. பாதி ஆங்கிலம் புரியாத பிள்ளைக்குப் பயம் முழுசாகவும் ஆறுதல் அரைகுறையாகவும் கிடைக்கும். எந்தப் படமானாலும் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் கிடைக்கிறதா என்று தேடிப்பார்ப்பதைச் சான்றிதழ் பார்ப்பதற்கு முன்னால் வைப்பேன். கிடைக்காவிட்டால், ஆறுதல் கண்ணுக்குத் தெரிகிற படமாக இருக்கவேண்டும். டோரியின் கிளிஞ்சல்கள் அந்த வகை. பூனையின் வயிற்றில் சாயும் நாயும் அந்த வகைதான், ஆனால் அது வந்து சேர்வதற்குள் நாலரை வயது அறையை விட்டே போயிருக்கும்.

இவ்வளவு எதற்கு, இன்னும் சாதுவான இரண்டாம் பாகங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. 2006-ல் வந்த ‘பேம்பி 2’ ஒன்றே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தாய் இறந்தபின் தகப்பன் மான் குட்டியை வளர்க்கும் கதை. அமெரிக்காவில் நேரே டிவிடியாக வந்தது, முத்திரை ஜி. சின்னவளுக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வேட்டை நாய்கள் துரத்துவது அதிலும் உண்டு. பெரியவனோ பத்தாவது நிமிடத்தில் எழுந்து கிரிக்கெட் மட்டையைத் தேடப் போய்விடுவான். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைக்க அது உதவாது.

தியேட்டரா வீடா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாலரை வயதுக்கு ஓர் இரண்டாம் பாகம் என்றால் முதலில் வீடு. அங்கேதான் நிறுத்தலாம், சத்தத்தைக் குறைக்கலாம், விளக்கைப் போடலாம், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சொன்ன கணக்கில், மூன்று நான்கு வயதுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. டோரி 97 நிமிடம். ஒரே மூச்சில் பார்த்தாலே கணக்கு உதைக்கிறது.

கடைசியில் செய்தது இதுதான். டோரியை இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டேன், பகல் வேளையில், ஜன்னலைத் திறந்துவைத்து. கணவாய் வருவதற்கு முன்பே, “இப்ப ஒண்ணு துரத்தும், நீமோவுக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டேன். கதையை உடைக்கிறேன் என்று பெரியவன் முறைத்தான். முறுக்கைக் கொடுத்து அடக்கினேன். டோரி தனியாக மிதக்கும் இடத்தில் சின்னவள் மடியில் ஏறிக்கொண்டாள், முகத்தை மூடவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, “அம்மா எங்க?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பாண்டாவைப் பெரியவனோடு அந்த வார இறுதியில், அவள் தூங்கியபின் பார்த்தேன். முஃபாசாவும் பூனையும் அவளுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் காத்திருக்கட்டும்.

இரண்டாம் நாள் டோரி முடிந்த மறுநாள் காலை எழுந்து பார்த்தால், படுக்கையிலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் தரையில் புளியங்கொட்டை வரிசை. பல்லாங்குழிக்கு வைத்திருந்த டப்பா காலி. “இது எதுக்குடி?” என்றேன். “ராத்திரி கரண்ட் போச்சுன்னா நீ வரணும்ல” என்றாள். அதற்குள் பெரியவன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து பாத்ரூமுக்கு நடந்துபோய்ப் பாதி வரிசையைக் காலால் கலைத்துவிட்டான். அன்றைக்குக் காலை அதற்கு ஒரு பெரிய சண்டை.